வெறியும் அஸபிய்யத்தும்

அபூதாவூத் கிரந்தத்தில் 'அஸபிய்யத்' பற்றிய பாடத்தை மாணவர்களுக்கு ஓதிக்கொடுத்துக் கொண்டிருந்தோம். கடைசி வரிசையில் அமர்ந்திருந்த மாணவர் ஒருவர், "ஹஜ்ரத், இதற்குத் தமிழில் என்ன எழுதிக்கொள்வது?" என்று வினவினார். "வெறி என்று எழுதிக்கொள்ளுங்கள், மதவெறி, இனவெறி என்று பத்திரிகைகளில் வருகிறதே, அதுதான்" என்றோம். அவரும் கிதாபின் ஓரத்தில் பென்சிலால் எழுதிக்கொண்டார். பாடம் அடுத்த ஹதீஸுக்குச் சென்றது. அன்றிரவு இஷாவுக்குப் பின் படுக்கையில் புரண்டபோதுதான், அந்த இளைஞருக்குத் தவறான சொல்லைக் கொடுத்துவிட்டோமோ என்னும் ஐயம் நம்முள் எழுந்தது. அந்த ஐயம் மொழியைப் பற்றியது மட்டுமன்று. அதனைப் பின்னர்க் கூறுவோம்.

'வெறி' என்பது பழந்தமிழில் இழிந்த சொல் அன்று. அதற்கு நறுமணம் என்றொரு பொருள் உண்டு. கள் என்றும், கள்ளால் வரும் மயக்கம் என்றும் பொருள் உண்டு. முருகனுக்குரிய வேலன் தெய்வமேறி ஆடும் ஆட்டத்தை 'வெறியாட்டு' என்றனர். மகள் மெலிந்து வாடுகின்றாள். காரணம் அறியாத தாய் வேலனை அழைக்கின்றாள். அவன் ஆடி, 'இது முருகனால் வந்த நோய்' என்கின்றான். உண்மையில் அவளை வாட்டுவது காதல் என்பதைத் தோழி அறிவாள். சங்கப் புலவர்கள் இக்காட்சியை ஒரு மெல்லிய நகைப்போடு பாடியிருக்கின்றனர். ஆவேசத்தோடு கூறப்படுவது உண்மையாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை என்பதை அவர்கள் அன்றே கண்டிருந்தனர். அந்த ஆட்டத்திற்காக ஓர் ஆட்டுக்குட்டி அறுபட்டது என்பதையும் ஈண்டு மறந்துவிடலாகாது.

மேனாட்டிலும் இச்சொல்லின் பிறப்பிடம் கோயிலே. இலத்தீன் மொழியில் 'ஃபானும்' என்றால் கோயில். அங்கே தெய்வமேறிக் கூத்தாடித் தம் உடலைத் தாமே கீறிக்கொண்டவர்களை ரோமாபுரி மக்கள் 'ஃபனாட்டிகஸ்' என்றனர். அதுவே ஆங்கிலத்தில் 'ஃபனாட்டிக்' ஆயிற்று. அது சுருங்கியே, சினிமா நடிகருக்கும் கிரிக்கெட் வீரருக்கும் இன்று கோடிக்கணக்கில் உள்ள 'ஃபேன்' பிறந்ததென்பர். நம் இளைஞர்கள் ஒரு படி மேலே சென்று 'வெறித்தனம்' என்பதைப் பாராட்டாகவே வழங்குகின்றனர். சொற்களுக்கும் ஏற்றத்தாழ்வு உண்டன்றோ!

நம் பக்கத்தில் இதனோடு தொடர்புடைய வேறொரு சொல் உண்டு. பென்னாகரம், பாலக்கோடு காட்டோரத்தில் வாழ்வோர்க்கு 'மதம்' என்ற சொல் இருமுறை பொருள் தரும். ஒன்று, மனிதன் கொண்ட நெறி. மற்றொன்று, ஆண்யானைக்குப் பருவத்தில் பிடிக்கும் மயக்கம். இவை இருவேறு வடசொற்களிலிருந்து வந்து தமிழில் ஒரே ஒலியாய் ஆனவை. ஆகவே இதனைக் கொண்டு சிலேடை செய்வாரைப் போல் நாம் எதையும் நிறுவ முயலவில்லை. ஆனால் யானையின் மதத்தைப் பாரசீகர் 'மஸ்து' என்றனர். மஸ்து என்றால் போதை. அந்தச் சொல்லினின்றே நாம் இறைநேசர்களுக்கு வழங்கும் 'மஸ்தான்' என்னும் பெயரும் வந்தது. குணங்குடி மஸ்தான் சாகிபு அவர்கள் 1838-இல் மறையும் வரை அப்பெயரோடுதான் வாழ்ந்தார்கள். இறைக்காதலில் தம்மை மறந்தவர்களே. ஆனால் அவர்களுடைய போதையால் அண்டை வீட்டாருடைய கூரையில் ஒரு கீற்றும் கருகியதாக நாம் கேள்விப்பட்டதில்லை. அன்பு மிகுந்துவிட்டால் அது வெறியாகிவிடும் என்பாரை நாம் ஒப்பாததற்கு இதுவும் ஒரு காரணம்.

தருமபுரியின் பழம்பெயர் தகடூர். அதனை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சியை யானைக்கு ஒப்பிட்டு ஔவையார் பாடிய பாடல் புறநானூற்றில் 94-ஆவதாக உள்ளது. ஊர்ச் சிறுவர்கள் ஏறி நின்று தந்தத்தைக் கழுவ, நீர்த்துறையில் அமைதியாகப் படுத்திருக்கும் யானையைப் போல நீ எங்களுக்கு இனியவன். அந்த யானைக்கே மதம் பிடித்தால் எப்படியோ, அப்படிப் பகைவர்க்கு நீ கொடியவன் என்பது அதன் கருத்து. வீரயுகத்தில் அது பெரும்புகழ்ச்சி. ஆனால் அதே தகடூர் மண்ணில் வாழும் நாம் அப்பாடலைப் படிக்கும்போது, யார் பகைவர் என்பதை யானை எப்படி அறியும் என்ற கேள்வி எழாமலிருப்பதில்லை. மதம் பிடித்தபின் தந்தம் கழுவிய சிறுவனையும் அது அறியாது.

2000-ஆம் ஆண்டு பிப்ரவரி 2-ஆம் நாள். கொடைக்கானல் பிளசண்ட் ஸ்டே ஓட்டல் வழக்கில் முன்னாள் முதலமைச்சர் ஜெயலலிதாவுக்குச் சிறைத்தண்டனை என்று அன்று தீர்ப்பாயிற்று. கட்சிக்காரர்கள் சாலைகளில் இறங்கினர். கோவை வேளாண்மைப் பல்கலைக்கழக மாணவிகள் கல்விச் சுற்றுலா வந்த பேருந்தொன்று தருமபுரியை அடுத்த இலக்கியம்பட்டியில் தீக்கிரையாக்கப்பட்டது. மூன்று மாணவிகள் உள்ளேயே வெந்து மாண்டனர். அவர்களுக்கும் அவ்வழக்கிற்கும் யாதொரு தொடர்பும் இல்லை. தீ வைத்தவர்கள் அவர்களை வெறுத்தவர்களும் அல்லர். அதற்கு முன் கண்டிருக்கவும் மாட்டார்கள். தலைவி மீது தாம் கொண்ட பக்தியை ஊரார்க்குக் காட்ட வேண்டியிருந்தது. அதற்கு ஒரு பேருந்து அகப்பட்டது. அவ்வளவே. பின்னர் அந்தத் தண்டனையையே 2001-இல் சென்னை உயர்நீதிமன்றம் நீக்கிவிட்டது. தலைவிக்கு வந்தது மேல்முறையீட்டில் போயிற்று. அம்மூவருக்கும் மேல்முறையீடு ஏது?

தீ வைத்த வழக்கில் 2007-இல் சேலம் நீதிமன்றம் மூவருக்குத் தூக்கும், மேலும் 25 பேருக்குச் சிறையும் விதித்தது. தூக்கு மேல்நீதிமன்றங்களில் உறுதியாகி, 2016 மார்ச்சில் மறுசீராய்வில் ஆயுள் தண்டனையாகக் குறைந்தது. திட்டமிட்டுச் செய்ததன்று, கும்பலின் ஆவேசத்தில் அறிவிழந்து செய்தது என்பதும் அக்குறைப்பிற்கு ஒரு காரணமாகக் கொள்ளப்பட்டது. 2018 நவம்பரில் அம்மூவரும் விடுதலையாயினர். அத்தீர்ப்பில் குறை காண நமக்குச் சட்ட அறிவும் இல்லை. ஓர் உயிர் தூக்குமேடையிலிருந்து தப்பியதில் வருத்தமும் இல்லை. ஆயினும் ஃபிக்ஹு கிதாபுகளை ஓதிக்கொடுக்கும் பழக்கத்தால் ஒன்று நினைவுக்கு வந்தது. தானே விரும்பிக் குடித்து மயங்கியவன் சொன்ன தலாக் செல்லும் என்பது ஹனஃபி மத்ஹபின் தீர்ப்பு. ஷாஃபிஈகளிடமும் வலுவான கூற்று அதுவே. மயக்கம் மெய்தான், ஆனால் கோப்பையை வாய்க்குக் கொண்டுபோன கை அப்போது மயங்கியிருக்கவில்லை என்பது அவர்கள் நோக்கு. 'வெறி' என்ற சொல்லில் உள்ள குறையை இங்கேதான் உணர்ந்தோம். அச்சொல் குற்றத்தைப் பழிக்கிறது. உடனே, 'பாவம், தன்னினைவில் இல்லை' என்று மன்னிக்கவும் செய்கிறது. மேலும், வெறியன் என்றால் கண் சிவந்து, கையில் தீவட்டியுடன் நிற்பவன் என்று எண்ணுகிறோம். நம் கண் சிவக்கவில்லை. ஆகவே நாம் வெறியர் அல்லர்.

அரபுச் சொல் இவ்வாறு நம்மைத் தப்பவிடுவதில்லை. அதன் மூலம் 'அஸப': கட்டினான், இறுக்கினான் என்று பொருள். உடலை இணைத்துக் கட்டும் நரம்பு 'அஸப்'. தலையில் கட்டும் துணி 'இஸாபா'. பாகப்பிரிவினைச் சட்டம் ஓதிய மாணவருக்கு 'அஸபா' என்னும் தந்தைவழி உறவினரைத் தெரியும். ஒருவனைச் சுற்றிக் கட்டுப்போல் நிற்பவர்கள் அவர்கள். ஆக, அஸபிய்யத் என்பது கொதிப்பைக் குறிக்கவில்லை, கட்டைக் குறிக்கிறது. அதிலிருந்து பிறந்த 'தஅஸ்ஸுப்' என்பதே இன்று அரபு நாடுகளில் மதவெறிக்கு வழங்கும் சொல். 1377-இல் தம் முகத்திமாவை எழுதிய இப்னு கல்தூன், கூட்டத்தாரின் இக்கட்டுறுதி இல்லாமல் எந்த அரசும் எழுந்ததில்லை என்று விரித்துரைத்தார். கட்டு தன்னளவில் தீதன்று. அது இல்லாவிட்டால் குடும்பம் ஏது, ஜமாஅத் ஏது?

தீதாவது எப்போது? இக்கேள்வியை நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடமே ஒருவர் கேட்டிருக்கிறார். வாதிலா இப்னு அஸ்கஃ (ரலி) என்பது அவர் பெயர். அவருடைய மகள்வழி வந்த செய்தி இது. ஒருவன் தன் கூட்டத்தாரை நேசிப்பது அஸபிய்யத் ஆகுமா என்று வினவியபோது, ஆகாது என்றார்கள் அண்ணலார். தன் கூட்டத்தாருக்கு அநீதியில் துணைநிற்பதே அது என்றார்கள். வேறோர் அறிவிப்பில் ஓர் உவமையும் உண்டு: சத்தியமல்லாத ஒன்றில் தன் கூட்டத்தாருக்கு உதவுபவன், கிணற்றில் விழுந்த ஒட்டகத்தை வாலைப் பிடித்து இழுப்பவனைப் போன்றவன். நம் வட்டாரத்துத் திறந்த கிணறுகளில் மாடு விழுந்து பார்த்தவர்களுக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. ஆட்கள் இறங்க வேண்டும், வயிற்றுக்கு அடியில் கயிறு கொடுக்க வேண்டும், மேலே பத்துப் பேர் மூச்சைப் பிடித்து இழுக்க வேண்டும். மேட்டில் நின்றபடி வாலைப் பற்றுகிறவனும் உதவி செய்வதாகத்தான் எண்ணிக்கொண்டிருப்பான்.

இந்த இலக்கணத்தில் கோபம் என்ற சொல்லே இல்லை என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். குளிர்ந்த மனத்தோடும் அஸபிய்யத் செய்யலாம். இலக்கியம்பட்டி வழக்கையே எடுத்துக்கொள்வோம். அது முதலில் கிருஷ்ணகிரி நீதிமன்றத்தில் நடந்தது. சாட்சிகள் பலர் பிறழ்ந்தனர். மாண்ட மாணவி ஒருவரின் தந்தை உயர்நீதிமன்றத்தின் கதவைத் தட்டியதால்தான் வழக்கு சேலத்திற்கு மாறிப் புதிதாக விசாரிக்கப்பட்டது. தீ வைத்தவர்களிடம் வெறி இருந்தது, சரி. கூண்டில் ஏறி, 'நான் எதையும் பார்க்கவில்லை' என்று அமைதியாகச் சொன்னவர்களிடம் இருந்தது என்ன? சிலரை அச்சம் வாட்டியிருக்கலாம்; அவர்களை நாம் பழிக்கவில்லை. ஆனால் அச்சமே இல்லாமல், நம்மவர் ஆயிற்றே என்று வாய்மூடுகிறவனுக்குத் தமிழில் நாம் எந்தப் பெயரும் வைக்கவில்லை.

2012 நவம்பர் 7 அன்று நாய்க்கன்கொட்டாய்ப் பகுதியில் நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி ஆகிய தலித் குடியிருப்புகளில் 200-க்கும் மேற்பட்ட வீடுகள் சூறையாடப்பட்டு எரிந்தன. சாதி கடந்த ஒரு திருமணமும், பெண்ணின் தந்தை உயிர் மாய்த்துக்கொண்டதும் காரணம் என்றனர். ஒரு தந்தையின் சாவு துயரமானதே. அத்துயரத்திற்கும், ஒரு கூலித் தொழிலாளியின் பீரோவிலிருந்த பத்திரங்களும் பிள்ளைகளின் பாடநூல்களும் எரிந்ததற்கும் என்ன தொடர்பு? கட்டு என்ற ஒன்றுதான். அவன் அவர்களைச் சேர்ந்தவன். நாம் இவர்களைச் சேர்ந்தவர்கள்.

இத்தகடூரோடு தொடர்புடைய பழைய கல்லெழுத்தொன்றை இங்கே குறிப்பிடத் தோன்றுகிறது. அசோக மன்னர் தம் எல்லைக்கு அப்பாலுள்ள தென்னாட்டு அரசர்களைக் கூறுமிடத்தில் சோழர், பாண்டியர், கேரளரோடு 'சதியபுத்திரர்' என்றொரு மரபினரையும் கூறுகிறார். அவர்கள் யார் என்று அறிஞர்கள் நெடுங்காலம் வாதிட்டனர். 1981-இல் திருக்கோவிலூரை அடுத்த ஜம்பையில் கண்டறியப்பட்ட தமிழ்பிராமிக் கல்வெட்டு, அதியன் நெடுமான் அஞ்சியையே அப்பட்டத்தோடு பெயர் சொல்லி அழைத்தது. அவ்வசோகரின் பன்னிரண்டாம் பாறைக் கட்டளை, தன் சமயத்தின் மீதுள்ள பக்தியினால் பிறர் சமயத்தை இழித்துரைப்பவன் தன் சமயத்திற்கே பெருந்தீங்கு செய்கிறான் என்கிறது. கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் இதைக் கல்லில் வெட்டும் தேவை இருந்திருக்கிறது!

பிறரைச் சொன்னோம், நம் வீட்டைச் சொல்லாமல் விடுவது முறையன்று. காரிஜிய்யாக்களின் வரலாற்றை ஓதாத ஆலிம் இல்லை. அவர்களில் ஒருவர், மரத்திலிருந்து உதிர்ந்து கிடந்த பேரீச்சம்பழத்தை எடுத்து வாயிலிட்டார். உரியவரின் அனுமதியின்றி உண்ணலாமா என்று தோழர்கள் கடிந்துகொள்ளவே, உமிழ்ந்துவிட்டார். அதே கூட்டம், ஹழ்ரத் அலி (ரலி) அவர்களைக் குறைகூற மறுத்ததற்காக, ஸஹாபியான கப்பாப் (ரலி) அவர்களின் மகன் அப்துல்லாஹ்வை ஆற்றங்கரையில் அறுத்தது. கருவுற்றிருந்த அவருடைய மனைவியையும் கொன்றது. அவர்களுடைய நெற்றிகளில் ஸுஜூதின் தழும்பு இருந்தது. 658-இல் நஹ்ரவானில் அவர்களோடு போரிட நேர்ந்தபின், இவர்கள் காஃபிர்களா என்று கேட்கப்பட்டபோது அலி (ரலி) அவர்கள், குஃப்ரை விட்டு ஓடியவர்களே இவர்கள் என்றும், நமக்கு எதிராக வரம்பு மீறிய நம் சகோதரர்கள் என்றும் கூறியதாக வந்துள்ளது. மூன்றாண்டுகளில், 661-இல், அக்கூட்டத்தைச் சேர்ந்தவனுடைய வாளே அவர்களுடைய உயிரைக் குடித்தது. எதிரிக்கும் பெயர் சூட்டுவதில் அவர்கள் காட்டிய நிதானம் நமக்கு வாய்ப்பதில்லை. நம்மை மதவெறியர் என்று மொத்தமாக எழுதுவோரைக் கண்டு நாம் மனம் நோகிறோம். அந்த நோவு நியாயமானதே. ஆனால் அதே மொத்தச் சொல்லை நாமும் அடுத்த இயக்கத்தார் மீதும், அடுத்த கொள்கைக்காரர் மீதும் வெள்ளிதோறும் வீசிக்கொண்டிருக்கிறோம்.

தலைவர் மீதுள்ள அன்பைப் பற்றி ஒரு நிகழ்ச்சி. 632-இல் பெருமானார் (ஸல்) அவர்கள் மறைந்த செய்தி பரவியபோது, உமர் (ரலி) அவர்கள் அதனை ஏற்கவில்லை. இறந்தார்கள் என்று சொல்வோரைத் தண்டிப்பதாக முழங்கினார்கள். அந்த அன்பை ஐயுற யாருக்குத் துணிவு வரும்? அபூபக்ர் (ரலி) அவர்கள் வந்து, முஹம்மதை வணங்கியவர்கள் இருப்பின் முஹம்மது இறந்துவிட்டார், அல்லாஹ்வை வணங்குவோருக்கோ அவன் என்றும் இருப்பவன் என்னும் கருத்தைக் கூறி, திருமறை வசனத்தை ஓதினார்கள். அதைக் கேட்டதும் தம் கால்கள் தம்மைத் தாங்கவில்லை, தரையில் சாய்ந்தோம் என்று உமர் (ரலி) அவர்களே பின்னர்ச் சொன்னார்கள். உயர்ந்த கை தாழ்ந்தது. எவர் மீதும் அது விழவில்லை. உண்மையைக் கேட்டதும் தரையில் உட்காரத் தெரிந்த அன்பு அது.

இனி, நம்மைப் பற்றி. நாம் முன்பு பணியாற்றிய ஓர் ஊரில், பள்ளிவாசலுக்குச் சொந்தமான கடையொன்றில் முப்பதாண்டுகளாகத் தையல் இயந்திரம் போட்டிருந்தார் ஒரு முதியவர். அவர் முஸ்லிம் அல்லர். கடைகளை இடித்துக் கட்ட முடிவானபோது, அவரும் முன்பணம் கொடுத்தார். கட்டியதும் அதே இடம் அவருக்கே என்று அப்போதைய முத்தவல்லி வாக்களித்தார். காகிதம் எழுதவில்லை. நாம் அருகில் இருந்தோம். கட்டடம் முடியுமுன் முத்தவல்லி மவுத்தாகிவிட்டார். புதிய நிர்வாகத்தாருக்குக் கூடுதல் வாடகைக்கு ஆள் கிடைத்தது. அப்படியொரு வாக்கே கிடையாது என்றனர். கூட்டத்தில் அந்த முதியவர் நம்மைப் பார்த்து, "அஜரத்து, நீங்களும் இருந்தீங்களே, ஒரு வார்த்தை சொல்லுங்க" என்றார். நாம் கையிலிருந்த தஸ்பீஹைப் பார்த்துக்கொண்டிருந்தோம். வாடகை ஓதும் பிள்ளைகளின் உணவுக்குத்தானே போகிறது என்றது மனம். நம் ஊதியமும் அதிலிருந்துதான் வந்தது என்பதை மனம் அப்போது எடுத்துச் சொல்லவில்லை. முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்து அனுப்பினர். தாய்தந்தையருக்கோ உறவினருக்கோ உங்களுக்கோ எதிராயினும் நீதிக்குச் சாட்சியாய் நில்லுங்கள் என்னும் நிஸா அத்தியாயத்து வசனத்தை, அதற்கடுத்த வாரமே நாம் பயானில் ஓதினோம். குரல் நடுங்கவில்லை.

அன்று எவரும் கத்தவில்லை, எதுவும் எரியவில்லை. அதனால்தான் இத்தனை ஆண்டுகள் அதற்கு ஒரு பெயரும் தோன்றவில்லை. மறுநாள் பாடத்தில் அம்மாணவரை அழைத்து, ஓரத்தில் எழுதியதை அழித்துவிட்டு, 'தன்னவர் செய்யும் அநீதிக்குத் துணைநிற்றல்' என்று எழுதச் சொன்னோம். "இவ்வளவு நீளமா, ஹஜ்ரத்? ஓரத்தில் இடமில்லையே" என்றார். சிறிய எழுத்தில் எழுதுங்கள் என்றோம்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பின் பேருந்து ஏறி அந்த ஊருக்குச் சென்றோம். முதியவர் தம் வீட்டுத் திண்ணையில் அதே இயந்திரத்தைப் போட்டு, பள்ளிப் பிள்ளைகளின் சீருடைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தார். "வாங்க அஜரத்து" என்றார். சொல்ல வந்ததைச் சொன்னோம். கேட்டுக்கொண்டே நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். கடையைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. "அந்த வார்த்தைய என் பேரன்கிட்ட ஒருவாட்டி சொல்லிடுங்க. இல்லாத வாக்க நான் இருக்குன்னு சொன்னதா அவன் நெனச்சிட்டிருக்கான்" என்றார். பேரன் வேலைக்குப் போயிருந்தான். இருட்டியபின் தான் வருவானாம். தருமபுரிக்குக் கடைசிப் பேருந்து எட்டு மணிக்கு. திண்ணையின் மறுமுனையில் அமர்ந்து காத்திருந்தோம்.